புத்தகத்து மதினி அழைத்த விசேஷம்

மதினி எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அடுத்த தடவை வந்தபோது மிளகுக்கொடியைப் பற்றிக் கேட்டாள். அதற்கடுத்த தடவை, சாரல் காலத்தில் காலில் ஏறும் அட்டையை எப்படிப் பிய்த்துப் போடுவது என்று கேட்டாள். தன்னிடம் புத்தகம் இருக்கிறது என்று அவள் வாய் திறந்து சொல்ல வெகுநாள் ஆயிற்று. அவளாகச் சொன்னாளா, அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேனா என்பது இப்போது சரியாகத் தெரியவில்லை. நான் கேட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை.

எங்கள் ஊர் பண்ணைக்காட்டுக்கு மேலே, பஸ் நின்ற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். காப்பி, மிளகு, மலைவாழை, இதுதான் பிழைப்பு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே நூலகம் திறந்தார்கள். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என் மாமியாருடைய தம்பிக்கு ஒரு காப்பிக் கிட்டங்கி இருந்தது. காய்ந்த காப்பிக்கொட்டையை மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிற இடம். அதன் முன்னறை சும்மா கிடந்தது. பஞ்சாயத்தார் கேட்டார்களே என்று அவர் அதை விட்டுக்கொடுத்தார். அலமாரி, மேசை, உட்கார பெஞ்சு, அவ்வளவுதான். உள்ளே போனால் புத்தக வாசனையை விடக் காப்பி வாசனைதான் தூக்கலாக இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்ள வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வேலைக்கு வந்து, அறையை ஒட்டியே குடியிருந்தார். என்னைவிடக் கூச்சக்காரர். ஆண்களைக் கண்டால் ‘அண்ணே’, பெண்களைக் கண்டால் ‘தங்கச்சி’. அதற்கு மேல் வார்த்தை வராது. அவர் ஊருக்கெல்லாம் அண்ணன் ஆகிப்போனதால் அவர் பெண்சாதி எங்களுக்கெல்லாம் மதினி ஆகிவிட்டாள். அவளுக்கும் பேர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை. புத்தகத்து மதினி என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

அவர் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டார். கிழிந்ததை ஒட்டுவார், செல்லரிக்காமல் வேப்பிலை வைப்பார், வெயில் அடித்தால் விரித்து வைப்பார். மதினி ஆட்களைப் பார்த்துக்கொண்டாள். இதை யாரும் அவளுக்கு வேலையாகக் கொடுக்கவில்லை.

நெட்டையான உடம்பு. சமவெளிக்காரி ஆகையால் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவாள், அதற்குள்ளேயே சிரிக்கவும் செய்வாள். தோளில் ரப்பர் சீட்டில் கட்டிய மூட்டை. மழை கொட்டினால் தான் நனைவாள், மூட்டை நனையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே நடக்கிற வேலையில் கை கொடுக்காமல் உட்காரமாட்டாள். காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு முறத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தால் அதிலே பாதி. பேச்சு அது பாட்டுக்கு நடக்கும். அவள் கேட்பாள், நாம் சொல்வோம்.

அவளைப் போல் கேட்கிற ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சிலர் கேட்பார்கள், கண் வேறு எங்கேயோ இருக்கும். மதினி கேட்டால் அவளுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும் போல இருக்கும். “ஏ புள்ள, மிளகு பச்சையா இருக்கும்போதே பறிக்கணுமா, செவக்க விடணுமா?” என்று என்னிடம் கேட்டாள். என்னிடம்! நான் அந்த வீட்டில் வாயைத் திறந்து முழுசாக ஒரு வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒன்றிரண்டு செவக்கும்போது முழுச் சரத்தையும் பறிக்க வேண்டும் என்று சொன்னேன். “அடேயப்பா” என்றாள். பிறகு, “எத்தனாவது வரைக்கும் படிச்ச?” என்றாள். ஐந்தாவது என்றேன். அதைக் கேட்டு அவள் ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லையே என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுவாரம் என் மடியில் ஒரு கதைப் புத்தகம் கிடந்தது. பெரிய எழுத்து.

அவள் புத்தகத்தைப் புகழ்ந்து நான் கேட்டதேயில்லை. “நல்ல புத்தகம், வாசிச்சுப் பாரு, அறிவு வளரும்” என்று ஒரு நாளும் சொல்லமாட்டாள். “இந்தா, இது ஒன்ன மாதிரி ஒருத்தி. என்ன ஆகுறான்னு பாத்துச் சொல்லு. நான் பாதியில விட்டுட்டேன்” என்பாள். மெய்யாகவே பாதியில் விட்டிருப்பாள். அவளுக்கு உட்கார்ந்து வாசிக்க நேரம் ஏது?

அவளுக்குத் தவறாமல் எல்லாம் நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டிலேயே ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டாள்.

என் மாமியார் சமையலில் பேர் எடுத்தவர். ஊரில் கல்யாணம் என்றால் அத்தை வந்து உப்புப் பார்க்காமல் குழம்பு இறங்காது. அப்பேர்ப்பட்டவருக்கு மதினி ஒரு சமையல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. “அட்டையில என்ன போட்டிருக்கு?” என்று என்னைக் கேட்டார். வாசித்தேன். முகம் மாறிவிட்டது.

“எனக்குச் சோறு பொங்கத் தெரியலைங்கிறாளா அவ? எத்தனை பந்திக்கு ஆக்கிப் போட்டிருக்கா இவ? கொண்டு போயி அவ மூஞ்சியிலயே விட்டெறி.”

நான் எங்கே விட்டெறிவது? பரணில் வைத்துவிட்டு மதினி இந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டேன். மறுநாள் வெள்ளனே வந்து நின்றாள். அத்தை நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு வா என்றும் சொல்லவில்லை, வழியும் விடவில்லை. மதினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நானாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அவள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பெரியம்மா, அதைப் பாத்து நான் ஒரு குழம்பு வச்சேன். அவுக வாயில வைக்கல. தப்பு என் கையிலயா, புத்தகத்துலயான்னு தெரியல. இந்த ஊர்ல ஒங்களைத் தவிர யாரைப் போயிக் கேப்பேன்?”

அவள் சாமர்த்தியமாகப் பேசினாளா, உண்மையைச் சொன்னாளா என்று அப்போது எனக்குச் சந்தேகம். பிறகு ஒரு நாள் அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அத்தை என் பக்கம் திரும்பினார். “ஏத்தா, அதை எடுத்தா. என்னதான் எழுதியிருக்கான்னு வாசி பாப்போம்.”

கதவுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். குரல் வெளியே வரவில்லை.

“அடுப்புக்குள்ளயா வாசிக்கிற? சத்தமா வாசி!”

சத்தமாக வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அத்தையிடம் ஒரு சண்டை இருந்தது. “நில்லு நில்லு. உளுந்தை ஊறப்போடச் சொல்லவே இல்லியே? அப்படியே வறட்டு உளுந்தையா ஆட்டுவா? பட்டணத்து உரலு வேற சாதி போல!” மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அத்தை எதிரில் நான் சிரித்தது அதுதான் முதல். அந்தப் புத்தகம் முழுவதையும் அத்தை என்னை வாசிக்க விட்டுத் திட்டித் தீர்த்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும், “அடுத்தது எங்க?” என்றார்.

இப்படி எல்லா வீட்டு அடுப்படியிலும் உட்கார்ந்து எழுகிறாளே, ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் கொண்டு போய் வைப்பாளோ என்று ஊரில் முதலில் பயம் இருந்தது. அத்தையே சோதித்துப் பார்த்தார். கீழ்வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டை. மதினி அங்கிருந்துதான் வருகிறாள் என்று தெரிந்துகொண்டே, “அங்க என்னமோ சத்தமாக் கெடந்துச்சே, என்னவாம்?” என்றார். மதினி ஒரு காப்பிக்கொட்டையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, “அவுக கொடியில மிளகு இந்த வருசம் சரம் சரமாத் தொங்குது பெரியம்மா” என்றாள். அத்தை அதன் பிறகு தன் மனசில் கிடந்ததை எல்லாம் அவளிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வாழைத்தாரைக் குதிரை மேல் ஏற்றி பஸ் ரோட்டுக்கு இறக்குகிற ஒருவர் இருந்தார். எழுத்து வாசனை இல்லாதவர். யாரோடும் ஒட்டாதவர். மதினியைக் கண்டாலே, “எனக்கு எதுக்குத் தாயி அந்தச் சோலி?” என்று குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மதினி அவரிடம் குதிரையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். அது என்ன தின்னும், இருட்டினால் வழி தெரியுமா என்று. ஒரு நாள் அவரே சொன்னார், தம்பிக்காரன் சின்ன வயதில் சிலோன் தோட்டத்துக்குப் போனவன், திரும்பி வரவில்லை, அந்தச் சிலோன் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடத் தனக்குத் தெரியாது என்று. மறுநாள் மதினி நூலகத்தில் இருந்த பெரிய உலகப் படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் புருஷன் பதறிப்போனார். “அது இந்த அறையை விட்டு வெளிய போகக்கூடாதும்மா.”

“அது எங்க போகுது? நான்தான தூக்கிட்டுப் போறேன்?”

குதிரை நிற்கிற இடத்தில் ஒரு பாறை மேல் விரித்து வைத்து, இது நம்ம பக்கம், இது சிலோன் என்று காட்டினாள். அந்த மனிதர் வெகுநேரம் குனிந்து பார்த்தாராம். பிறகு இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்து, “இம்புட்டுத்தானா தண்ணி? இதைத் தாண்டி வரவா அவனுக்கு இத்தனை வருசம் பத்தல?” என்றாராம். இதைச் சொல்லும்போது மதினி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் குதிரையோடு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நூலக வாசலில் நின்று படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவார்.

கொடைக்கானலுக்குப் பஸ் ஏறிப்போய், அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் பழைய படப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு வந்ததும் அவள்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதில் இருந்த கரடியையும் கப்பலையும் பார்த்துப் பார்த்தே தேய்த்துவிட்டன. “இங்கிலீஷ் தெரியாம எப்படி மதினி கேட்டீங்க?” என்றேன்.

“அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியல, எனக்கு இங்கிலீஷ் தெரியல. ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம். அதனால வெரசா முடிஞ்சிருச்சு.”

இப்படி இருந்தவள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, முறத்தைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பயந்துபோனேன்.

அத்தையின் தம்பி அறையைத் திருப்பிக் கேட்கிறாராம். அந்த வருஷம் காப்பி நல்ல விளைச்சல், மூட்டை அடுக்க இடமில்லை. மதுரையில் இருக்கிற நூலக அதிகாரிக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். “அங்க பேப்பர் பாக்குற கிழடுகளைத் தவிர ஒருத்தரும் வர்றதில்ல. ஒரு பொம்பளை, ஒரு பிள்ளை அந்தப் படி ஏறிப் பாத்ததில்ல. வீணாக் கெடக்கு” என்று. அதிகாரி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார். அத்தையின் தம்பி சொன்னது உண்மை என்றால் புத்தகங்களை எல்லாம் கட்டி அடிவாரத்து ஊர் ஒன்றுக்கு இறக்கிவிடுவார்கள். புத்தகம் போனால் மதினியும் போகவேண்டியதுதான்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் மதினியை வாட்டியது. வீட்டுக்கு வீடு புத்தகம் போய்க்கொண்டிருந்தது, ஆனால் அறைக்குள் ஒரு பெண்ணும் கால் வைத்ததில்லை.

“ஏ புள்ள, ஒன்னு கேக்குறேன். மறைக்காமச் சொல்லணும். நீங்கள்லாம் ஏன் அங்க வரமாட்டேங்கிறீங்க?”

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் காத்திருந்தால் எப்பேர்ப்பட்ட ஊமையும் பேசியாக வேண்டும்.

“கூப்பிடாத எடத்துக்கு எப்படி மதினி வர்றது?”

“தினமும் கூப்பிட்டுக்கிட்டுத்தான இருக்கேன்!”

“அது பேச்சுக்குச் சொல்றது மதினி. குங்குமம் குடுத்து, வெத்தலை பாக்கு வச்சு, இன்ன கெழமை வந்துருங்கன்னு சொன்னாத்தான் கூப்பிட்டதாக் கணக்கு. அப்படிக் கூப்பிட்டா எந்த ஆம்பளையும் போகாதன்னு சொல்லமுடியாது. போகலேன்னாத்தான் மரியாதைக் கொறைவு.”

 மதினி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் தலை நிறையப் பூவும், கையில் குங்குமச் சிமிழும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குமாகக் கிளம்பிவிட்டாள். மேட்டு வீடு, பள்ளத்து வீடு ஒன்று பாக்கியில்லை. எல்லா வீட்டிலும் ஒரே சொல். “வெள்ளிக்கெழமை காலையில எங்க எடத்துக்கு வந்து இருந்து நடத்திக் குடுக்கணும்.” என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், “வாங்க, வந்தாத் தெரியும்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நூலகத்துக்கு என்று சொன்னால் எங்கே வராமல் இருந்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

மதினிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. அது ஊருக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவள் பூ வைத்துக்கொண்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு, விஷயத்தைச் சொல்லாமல் குங்குமம் கொடுத்தால் ஊர்ப் பெண்கள் என்ன நினைப்பார்கள்?

“வளைகாப்புதான்” என்றார் அத்தை.

“வயிறே தெரியலையே அத்தை?”

“ஒசரமான ஒடம்புக்குத் தெரியாது. மேடு ஏறுறப்ப மூச்சு வாங்குறாளே, நீ பாக்கல? ஆத்தா வீட்டு ஆளுக ஒருத்தரும் பக்கத்துல இல்ல, பாவம். நாமதான் செய்யணும்.”

நூலகத்துக்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு முதலில் தோன்றியது, அத்தை இவ்வளவு உறுதியாகச் சொன்னதும் ஒருவேளை இரண்டும் சேர்ந்துதானோ என்று இருந்துவிட்டேன். அடுத்த வீட்டுக்காரியும் அத்தை நினைத்ததையே நினைத்திருந்தாள். அதற்கடுத்தவளும். வெள்ளிக்கிழமை காலையில், பெட்டியில் கிடந்த பட்டுச்சேலை எல்லாம் வெளியே வந்துவிட்டது. தாம்பாளங்களில் கண்ணாடி வளையல், மலைவாழைச் சீப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பூ. அத்தை புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கிளறிக் கூடையில் தூக்கிக்கொண்டார். ஆளுக்கொரு தட்டோடு வரிசையாக நாங்கள் இறங்கினோம். அறைக்கு எதிரே டீக்கடை. அங்கே பெஞ்சில் காலை மடித்து உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் சீர் வருகிறது என்று எழுந்து ஒதுங்கி நின்றார்கள். யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

மதினி வாசலில் நின்று சந்தனம் கொடுத்து அழைத்தாள். உள்ளே போனோம். புத்தக அலமாரி, பேப்பர் பார்க்கிற கிழவர்கள், ஓரமாக வெள்ளைச் சட்டை போட்ட ஒரு புது ஆள். அவர்தான் மதுரை அதிகாரி. பக்கத்தில் அத்தையின் தம்பி. உட்கார வைக்கிற மனையைக் காணோம், கோலத்தைக் காணோம்.

அத்தை வளையலைக் கையில் எடுத்துக்கொண்டு, “எங்க உக்கார வைக்கிறது?” என்றார்.

“யாரை பெரியம்மா?”

“ஒன்னத்தான். எத்தனாவது மாசம்?”

மதினிக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களுக்கும் அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.  அவள் புருஷன் மேசைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கூப்பிடுகிற முறையைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

மதினியின் கண் ஒரு கணம் நிறைந்தது. பார்த்தேன். பிறகு இரண்டு கையையும் அத்தைக்கு நேராக நீட்டினாள்.

“அதெல்லாம் ஒன்னும் இல்ல பெரியம்மா. ஆனா கொண்டாந்த வளையலை எவளாச்சும் வேண்டாம்பாளா? போடுங்க.”

அத்தை போட்டார். நாங்கள் ஒவ்வொருவராகப் போட்டோம். முழங்கை வரைக்கும் வளையல். அந்தச் சத்தத்தில்தான் அத்தையின் தம்பி அதிகாரியிடம் சொன்னார்.

“நீங்களே பாத்துக்கிருங்க சார். வளைகாப்புன்னு நெனச்சு வந்திருக்காங்க. வாசிக்க எவ வந்தா?”

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எங்களைப் பார்த்து, “அம்மா, நீங்க நூலகத்துக்கு வந்திருக்கீங்களா, விசேஷத்துக்கு வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். என்ன சொல்வது?  மதினியே பதில் சொன்னாள்.

“விசேஷத்துக்குத்தான் சார் வந்திருக்காங்க. எதுக்குக் கூப்பிடுறேன்னு நான் சொல்லல. தப்பு என் மேலதான்.”

முடிந்தது என்று நினைத்தேன். அத்தையின் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அத்தை புளிச்சோற்றுக் கூடையைத் தரையில் வைத்தார். “ஏலே, தம்பி. இங்க வா.”

“என்னக்கா?”

“இது என்னது?”

“கூடை.”

“அது என்னது?”

“தட்டு.”

“தட்டா? ஊர்ப் பொம்பளைக பூராம் பட்டுடுத்திக் கொண்டாந்த சீருடா அது. ஒன் கிட்டங்கிக்கு இதுக்கு முன்ன என்னிக்காச்சும் சீர் வந்திருக்கா? சீர் எறங்குன எடத்துல மூட்டை அடுக்குவியா நீ? அடுக்கு பாப்போம். அந்தக் காப்பியை எவன் குடிக்கிறான்னு நானும் பாக்குறேன்.”

அவர் துண்டை எடுத்து மறுபடி உதறினார். வாசலில் டீக்கடை ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர், “அக்கா சொல்றது நெசந்தானப்பா” என்றார். அத்தையின் தம்பி பெரிய வியாபாரிதான். ஆனாலும் நல்ல நாளில் வந்த சீரை வாசலோடு திருப்பி அனுப்பியவன் என்ற பேர் வாங்க அவருக்கும் தைரியம் இல்லை. “மூட்டைக்கு வேற எடம் பாத்துக்கிறேன்” என்று முனகிவிட்டு, அத்தை கொடுத்த புளிச்சோற்றை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனார்.

அதிகாரி சிரித்தார். பிறகு மதினியிடம், “இடம் சரி. ஆனா இன்னிக்கு ஒரு நாள் கூட்டத்தை வச்சு நான் எழுத முடியாதும்மா. இவங்க மறுபடி வரணும். மழைக்காலம் கழிச்சு வர்றேன். அப்பவும் இந்த அறை வெறிச்சுனு இருந்தா, புத்தகம் கீழ இறங்கிரும்” என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிற நேரம். மதினி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சீர் கொண்டுவந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பக்கூடாது. ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இத்தனை தட்டு வரும் என்று அவளுக்கு என்ன தெரியும்? மிச்சம் இருந்த வெற்றிலை பாதித் தட்டுக்குக்கூடக் காணாது. புருஷனைப் பார்த்தாள். அவர் அலமாரியைப் பார்த்தார். அவள் விறுவிறுவென்று போய் அலமாரிக் கதவுகளை எல்லாம் திறந்தாள்.

அவள் புத்தகத்தைத் தேடவில்லை. எங்கள் முகத்தைத்தான் பார்த்தாள். ஒவ்வொருத்தியாக நிறுத்தி, ஒரு பார்வை பார்த்து, கை பின்னால் போய் ஒன்றை உருவிக்கொண்டு வரும். அதைத் தட்டில் வைத்து, மேலே வெற்றிலையைக் கிள்ளி ஒரு துண்டும் பூவும் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். கை அசையும்போதெல்லாம் வளையல் குலுங்கியது. யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. தாம்பூலத்தை யார் மறுப்பார்கள்?

“எழுத்துத் தெரியாதவங்களுக்கும் குடுக்கிறீங்களே?” என்றார் அதிகாரி.

“வீட்டுல யாராச்சும் ஒருத்தர் வாசிப்பாங்க சார். வாசிக்கலேன்னாலும் திருப்பிக் குடுக்கவாச்சும் வந்துதான ஆகணும்?”

மழைக்குப் பிறகு அதிகாரி வந்தபோது அறையில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார இடமில்லாமல் தரையில் இருந்தார்கள். நூலகம் எங்கள் ஊரிலேயே நின்றுவிட்டது. மதினி நெடுநாள் கழித்து, புருஷனுக்கு வேறு ஊர் மாற்றலானபோது, ரப்பர் சீட்டு மூட்டையோடுதான் பஸ் ஏறினாள். அங்கே எந்த வீட்டு முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாளோ தெரியாது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்தப் படியை முதலில் ஏறியது நான்தான் என்றால் ஊரில் நம்பமாட்டார்கள்.

மதினி என் தட்டில் வைத்த புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டேன். மதினி வந்து வாங்கிக்கொள்வாள் என்று இரண்டு நாள் பார்த்தேன். அவள் எங்கள் பக்கம் வரவில்லை. வேண்டுமென்றேதான் வராமல் இருந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. தட்டில் புத்தகத்தை வைத்து, அதுவும் வெறுமனே போகக்கூடாதே என்று கொடியில் இருந்து ஒரு சரம் பச்சைமிளகையும் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கினேன். டீக்கடைப் பக்கம் திரும்பவே இல்லை. படி ஏறி உள்ளே போனால் மதினி இல்லை. எந்த வீட்டிலோ உட்கார்ந்திருக்கிறாள். மேசைக்குப் பின்னால் அவள் புருஷன் மட்டும் பசையும் கையுமாக இருந்தார்.

“தங்கச்சி” என்றார். அவருடைய பேச்சு முடிந்துவிட்டது. எனக்குப் பேச்சே இல்லை. தட்டை மேசையில் வைத்தேன். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார், மிளகைப் பார்த்தார், கையைத் துடைத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். கடைசியில் அவர் தலை நிமிராமலே மெதுவாகக் கேட்டார்.

“தட்டை வெறுமனே குடுத்துறாதீங்கன்னு அவ சொல்லிட்டுப் போயிருக்கா. எனக்கு ஆளைப் பாத்து எடுக்கத் தெரியாது. எதை வைக்கட்டும்?”

அலமாரி முழுக்கத் திறந்து கிடந்தது. காப்பி வாசனை தூக்கலாகத்தான் இருந்தது.

“நானே எடுத்துக்கிறேண்ணே” என்றேன்.